"எல்லாம் அடக்கம்" என்கிறார்களே, மாடிப்படி எத்தனை?

காடாம்புலியூர் ரோட்டோரத்தில் ஒரு சனிக்கிழமை காலை நின்று பாருங்கள். பண்ருட்டி பக்கம் இருந்து சுற்றுலா பஸ்கள் வரிசையாக வரும். வடலூர் போகும். அப்புறம் சிதம்பரம், வைத்தீசுவரன் கோவில், நவக்கிரகம் என்று சுற்றும். ஒரு பஸ்சில் 50 பேர். பின்பக்க டிக்கியில் அண்டா, அரிசி மூட்டை, கேஸ் சிலிண்டர். கூடவே ஒரு சமையல்காரர்.

"தலைக்கு இவ்வளவு. பஸ், தங்குமிடம், மூணு வேளை சாப்பாடு எல்லாம் அடக்கம்." நோட்டீசில் இதுதான் கொட்டை எழுத்து.

இதை நான் குறை சொல்ல வரவில்லை. மாதச் சம்பளக்காரர் குடும்பத்தோடு தனியாகக் கிளம்பினால் லாட்ஜ் வாடகை, ஓட்டல் பில், ஆட்டோ பேரம் என்று முதல் நாளே பர்ஸ் காலி. கூட்டமாகப் போனால் கையைக் கடிக்காது. துணை இல்லாத பாட்டிமார்கள் நாலு ஊர் பார்ப்பதே இந்தப் பஸ்களால்தான்.

வெளிநாட்டிலும் இது உண்டு. 1936-ல் இங்கிலாந்தில் பில்லி பட்லின் என்பவர் ஸ்கெக்னெஸ் கடற்கரையில் தொழிலாளர் குடும்பங்களுக்காகவே ஒரு விடுமுறை முகாம் கட்டினார். ரூம், மூன்று வேளை சாப்பாடு, ஆட்டம் பாட்டம் எல்லாம் ஒரே கட்டணம். ஒரு வாரச் சம்பளத்தில் ஒரு வார விடுமுறை என்று விளம்பரம் செய்தார்.

நம் பக்கத்தில் அதற்கும் முன்பே சத்திரங்கள் இருந்தன. சரபோஜி மன்னர் கட்டிய ஒரத்தநாடு சத்திரம் இருக்கிறது. சிதம்பரத்தில் நகரத்தார் முதலாகப் பல சமூகத்தார் சத்திரம் கட்டினார்கள். வடலூரில் வள்ளலார் 1867 மே 23-ந் தேதி தருமசாலை தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை. அங்கே தலைக்கு இவ்வளவு என்ற பேச்சே கிடையாது.

சத்திரம் கூட்டத்துக்கு என்றே கட்டியது. நடுவில் முற்றம், பின்னால் கிணறு, சமையல்கட்டு ஒதுக்குப்புறமாக. இன்றைக்குக் கூட்டம் படுக்கிற இடம் எது? முகூர்த்தம் இல்லாத நாளில் சும்மா கிடக்கும் கல்யாண மண்டபம். இல்லாவிட்டால், ஹாலில் பாய் விரித்து "டார்மிட்டரி" என்று பெயர் வைத்த லாட்ஜ்.

தூக்கம் வராத ராத்திரி

சிதம்பரம் பக்கம் அப்படி ஓர் இடத்தில் (பெயர் வேண்டாம்) நானும் ஒரு ராத்திரி தங்கினேன். இரண்டு பஸ் கூட்டம். 100 பேருக்கு மேல். பெண்களுக்குக் கக்கூசு மூன்று. அதில் ஒன்றுக்குத் தாழ்ப்பாள் இல்லை. காலை 4 மணிக்கே பக்கெட்டும் கையுமாக வரிசை. முழங்கால் வலிக்காரர்களைக் கொண்டுபோய் இரண்டாவது மாடியில் போட்டிருந்தார்கள். சாம்பார் மட்டும் நன்றாக இருந்தது. அதையும் சொல்லத்தானே வேண்டும்?

இதெல்லாம் கூடப் பெரிசு இல்லை. மொத்தக் கட்டடத்துக்கும் மாடிப்படி ஒன்றே ஒன்று. அந்தப் படிக்கு அடியில் ஜெனரேட்டர், டீசல் கேன், பக்கத்திலேயே நாலு சிலிண்டர். ராத்திரி 11 மணிக்கு கேட்டைப் பூட்டினார்கள். சாவி வாட்ச்மேனிடம். வாட்ச்மேன் எங்கே? டீக்கடையில்!

2004 ஜனவரி 23-ந் தேதி ஸ்ரீரங்கம் கல்யாண மண்டபத்தில் மாடியில் போட்ட கீற்றுப் பந்தல் பற்றிக்கொண்டது. இறங்கி ஓட வழி போதவில்லை. மணமகன் உள்பட 50-க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். அது பட்டப்பகல். எல்லோரும் விழித்துக்கொண்டிருந்த நேரம். தூங்குகிற கூட்டம் என்றால் என்ன ஆகியிருக்கும்?

2023 ஆகஸ்டு 26-ந் தேதி மதுரையில் நடந்தது இன்னும் நெருக்கமான பாடம். லக்னோவில் இருந்து கூட்டமாகச் சுற்றுலா வந்தவர்களின் ரெயில் பெட்டியை ஸ்டேஷன் அருகே கழற்றி நிறுத்தியிருந்தார்கள். ரெயிலில் சிலிண்டர் கொண்டுவரவே தடை. ஆனாலும் உள்ளே சிலிண்டர் இருந்தது. விடியற்காலையில் அடுப்பு மூட்டினார்கள். பெட்டி தீப்பிடித்து 9 பேர் கருகிச் செத்தார்கள். "சாப்பாடு அடக்கம்" என்ற வாக்கைக் காப்பாற்ற டூர்க்காரர்கள் பஸ்சிலும் இப்படித்தான் சிலிண்டரை ஏற்றுகிறார்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. பொதுக் கட்டட உரிமச் சட்டம் 1965-லேயே வந்தது. மண்டப லைசென்சில் கல்யாணத்துக்கு எத்தனை பேர் கூடலாம் என்று பார்த்தால் மட்டும் போதாது. ராத்திரி எத்தனை பேர் படுக்கலாம் என்றும் எழுதி, வாசலில் போர்டு மாட்ட வேண்டும். டூர்க்காரர்களும் நோட்டீசில் கோவில் பெயரை வரிசையாகப் போடுவது போல, தங்குகிற இடத்தின் பெயர், ரூமுக்கு எத்தனை பேர், கக்கூசு எத்தனை என்று போடட்டும். அட்வான்சு கொடுக்கும் முன் நாமும் கூச்சப்படாமல் கேட்க வேண்டும்.

ரசீது கேட்டு வாங்குங்கள். சொன்னது ஒன்று, கொடுத்தது ஒன்று என்றால் கடலூருக்கோ சிதம்பரத்துக்கோ அலைய வேண்டாம். 2019-ம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊருக்கு உரிய நுகர்வோர் கோர்ட்டிலேயே புகார் கொடுக்கலாம். நீங்கள் கட்டிய பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் கிடையாது.

தைப்பூசத்துக்கு ஏழு திரை நீக்கி ஜோதி காட்டும்போது வடலூரில் ஊரே கொள்ளாது. அதற்கு முன்னால் வடலூர், குறிஞ்சிப்பாடி, சிதம்பரம் மண்டபங்களைத் தீயணைப்புத் துறையினர் ஒரு சுற்று பார்த்துவிடட்டும். மேனேஜர் காபி வாங்கிக் கொடுக்கும் பகல் நேரத்தில் வேண்டாம். கேட் பூட்டிய பிறகு, ராத்திரி 12 மணிக்கு வரட்டும்.