18 வருஷ வக்கீலும் புது ஆபீஸில் புதுசுதான்!

கிருமாம்பாக்கம் பஸ் ஸ்டாப்பில் நின்றால் ஒரு பக்கம் புதுச்சேரி பஸ், எதிர்ப்பக்கம் கடலூர் பஸ். இரண்டு ஊர் கோர்ட்டுக்கும் மாறி மாறிப் போகிற வக்கீல்கள் எங்கள் பக்கம் உண்டு. பார் கவுன்சில் ஒன்று, உயர் நீதிமன்றமும் ஒன்று. ஆனால் நீதிமன்றக் கட்டணச் சட்டம் அங்கே வேறு, இங்கே வேறு. பத்து, இருபது கிலோமீட்டருக்குள்ளேயே அனுபவத்தைக் கொஞ்சம் திருத்தி எழுத வேண்டியிருக்கிறது.

அப்படி அலைந்து பழகின அண்ணன் ஒருவர், 18 வருஷ அனுபவத்தோடு சென்னையில் ஒரு சட்ட நிறுவனத்தில் சேர்ந்தார். மூணாவது வாரம் போனில் சொன்னது: “கோர்ட்ல பயமே இல்லப்பா. இங்க ஒரு மனு டைப் பண்ண யார்கிட்ட குடுக்கணும்னு தெரியல. ஜூனியர் பையன்கிட்ட கேட்டா, இதுகூடத் தெரியாதான்னு நினைச்சுடுவானோன்னு இருக்கு.” ஆறாவது மாசம் ஊருக்கே திரும்பிவிட்டார்.

தப்பு அவர் மேல் இல்லை என்பது என் கட்சி. காலேஜ் முடித்து வருகிறவருக்குப் பயிற்சி உண்டு, கூட ஒரு சீனியர் உண்டு. அனுபவசாலிக்கு லேப்டாப்பும் கேஸ் கட்டும்தான். ‘அவருக்குப் போய் என்ன சொல்லித் தர்றது?’ என்கிற மரியாதைதான் அவரைத் தனியாக விட்டுவிடுகிறது.

வக்கீல் வேலையில் இதில் கூடுதல் சிக்கல் வேறு. பழைய ஆபீஸில் சீனியர் பெயரில் வக்காலத்து இருக்கும். இந்திய பார் கவுன்சில் விதிப்படி, ஏற்கெனவே ஒருவர் வக்காலத்து போட்ட வழக்கில் அவர் சம்மதம் இல்லாமல் இன்னொருவர் ஆஜராக முடியாது. இல்லையென்றால் கோர்ட் அனுமதி வாங்க வேண்டும். இந்தக் கடிதங்களுக்கு யார் அலைவது? வருகிறவர் முன்பு ஆலோசனை சொன்ன கட்சிக்காரருக்கு எதிராகப் புது ஆபீஸ் வழக்கு நடத்திக்கொண்டிருந்தால்? சேர்வதற்கு முன்பே பெயர்களை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய வேலை இது. சேர்ந்த பிறகு தெரிந்தால், நஷ்டம் கட்சிக்காரருக்கு.

‘நான் இங்கே வந்துட்டேன்’ என்று விளம்பரம் கொடுக்கவும் வழியில்லை, விதி தடுக்கிறது. அப்போது ஏற்கெனவே இருக்கிற பார்ட்னர்தான் அவரைத் தன் கட்சிக்காரர் முன்னால் உட்காரவைத்து அறிமுகம் செய்ய வேண்டும். செய்வாரா? ‘இவன் என் ஆளைத் தட்டிக்கிட்டுப் போயிட்டா?’ என்ற பயம் இருக்கிற வரை மாட்டார். ஒரு கட்சிக்காரரை இருவரும் சேர்ந்து பார்த்தால் வருமானக் கணக்கு யார் பெயரில் ஏறும் என்பதை முதல் நாளே எழுதிக் கொடுத்துவிட்டால், இந்தப் பயத்தில் பாதி போகும். கேக் வெட்டி வரவேற்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

புதுச்சேரி இதைவிடப் பெரிய மாற்றத்தைப் பார்த்த ஊர். பிரெஞ்சு ஆட்சிச் சட்டப்படி தொழில் செய்தவர்கள், 1962 சட்டப்பூர்வ இணைப்புக்குப் பின் இந்திய முறைக்குள் வர வேண்டியிருந்தது. வழக்கறிஞர்கள் சட்டத்தில் 1968-ல் 58ஏஏ என்று தனிப்பிரிவே சேர்த்தார்கள். விண்ணப்பித்தால் வழக்கறிஞர் பட்டியலில் இடம். வர விரும்பாதவர்களும் தகுதி இல்லாதவர்களும் பழைய உரிமையோடு தொடரலாம். நாடாளுமன்றமே அனுபவசாலிகளுக்காக ஒரு பிரிவு எழுதியிருக்கிறது. ஒரு நிறுவனத்தால் மூணு மாசத்துக்கு ஒரு ஆளை ஒதுக்க முடியாதா?

அந்த ஆள் ஜூனியராக இல்லாமல், சம வயது பார்ட்னராக இருக்கட்டும். வாரம் ஒருமுறை டீ குடிக்கும்போது ‘எந்த குமாஸ்தா எந்த கோர்ட்டைப் பார்க்கிறார், பில் யார் பாஸ் பண்ணுவார்’ என்று கூச்சமில்லாமல் கேட்க முடிய வேண்டும். பதிலுக்கு, வந்தவரையும் பேச விடுங்கள். பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்ற ரெனோன்சான் குடும்பங்களின் வாரிசுச் சிக்கல் பற்றி அண்ணனுக்குத் தெரிந்தது, அந்த சென்னை ஆபீஸில் யாருக்கும் தெரியாது. ஆறு மாசத்தில் ஒருத்தரும் கேட்கவில்லையாம்.

இப்போது இன்னொரு நிறுவனம் அவரைக் கூப்பிட்டிருக்கிறது. சம்பளத்துக்கு முன்னால் அவர் கேட்டது, “சார், முதல் மாசம் நான் யார்கிட்ட சந்தேகம் கேக்கலாம்?” பதில் இன்னும் வரவில்லை.