பின்னால் நிற்பதற்கும் காற்று வேண்டும்

காற்றாலைப் பண்ணைகளின் படங்களைப் பார்த்தால் ஒன்று கண்ணில் படும். கோபுரங்களுக்கு நடுவே ஏராளமான நிலம் காலியாகக் கிடக்கும். நெருக்கமாக நிறுத்தினால் இன்னும் அதிக மின்சாரம் கிடைக்காதா?

அவ்வளவு எளிதில் கிடைக்காது. முன்னால் சுழலும் காற்றாலை காற்றின் ஆற்றலில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்கிறது. அதைத் தாண்டி வரும் காற்று வேகம் குறைந்து, கலங்கி, பின்னால் நிற்பதன் மீது வீசுகிறது. படகு போன பிறகு தண்ணீர் கலங்கிக் கிடப்பதைப் போலத்தான் இதுவும்.

இந்தக் கலங்கலையே ஆராய்ச்சிப் பொருளாக எடுத்துக்கொண்டவர் பேராசிரியர் ஜான் டபிரி. நைஜீரியாவிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய பெற்றோரின் மகன். ஜெல்லிமீன் நீந்தும் விதத்தை ஆராய்ந்து பாய்ம இயக்கவியலில் பெயர் பெற்றவர்.

கூட்டமாக நீந்தும் மீன்கள் விட்டுச்செல்லும் நீர்ச்சுழல்களின் அமைப்பு அவருக்கு வழிகாட்டியது. 2010 கோடையில், 10 மீட்டர் உயரமுள்ள செங்குத்து அச்சுக் காற்றாலைகளை அருகருகே நிறுத்தி, எதிரெதிர் திசையில் சுழலவிட்டுச் சோதித்தார். வழக்கமான பண்ணைகளில் ஒரு சதுர மீட்டர் நிலத்துக்கு 2 முதல் 3 வாட் மின்சாரம் கிடைக்கும். இவ்வாறு அடுக்கினால் 30 வாட்டை நெருங்கலாம் என்று அந்தச் சோதனை காட்டியது.

ஆனால், உலகில் பெரும்பாலும் நிற்பவை மூன்று இறக்கைகள் கொண்ட பெரிய காற்றாலைகளே. அவற்றை இடம் மாற்ற முடியாது. திசை மாற்றலாம் அல்லவா? கனடாவின் ஆல்பர்ட்டாவில் வரிசையாக நின்ற ஆறு காற்றாலைகளில் டபிரியின் குழு இதைச் செய்து பார்த்தது. முன்னால் நிற்பவற்றைக் காற்றுக்கு நேராக வைக்காமல் சற்றே திருப்பினார்கள். கலங்கிய காற்று பக்கவாட்டில் விலகிப்போனது. திரும்பியவற்றுக்குக் கொஞ்சம் இழப்புதான். ஆனால், காற்று வரிசையை ஒட்டி வீசியபோது, அந்த இடத்தின் சராசரி வேகத்தில் மொத்த உற்பத்தி 7 முதல் 13 விழுக்காடு கூடியது. மெல்லிய காற்றில் 47 விழுக்காடு வரை கூடியது. 2019இல் முடிவுகள் வெளிவந்தன. புதிய இறக்கையோ புதிய கோபுரமோ தேவைப்படவில்லை.

எல்லாக் காற்றாலைகளும் ஒரே நிறுவனத்தினுடையவை என்றால் முன்னால் நிற்பதன் இழப்பு பெரிதல்ல. பின்னால் இருப்பது வேறொருவரின் பண்ணை என்றால்? காற்றாலைகள் பெருகிவரும் வட கடலில் இந்தக் கேள்வி ஏற்கெனவே எழுந்துவிட்டது. எத்தனை பாகை திரும்ப வேண்டும் என்பதைப் பாய்ம இயக்கவியல் கணக்கிட்டுச் சொல்லும். அந்த இழப்பை யார் ஏற்பது என்பதை மனிதர்கள்தான் பேசித் தீர்க்க வேண்டும்.