ரெண்டு கம்பி, நாலு கம்பி

கம்ப்யூட்டர் வைத்தியத்தில் எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். மக்கர் பண்ணினால் ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவது. பி.காம். படித்தவனிடம் இதற்கு மேல் எதிர்பார்ப்பது நியாயமில்லை. என் அம்மா எதிர்பார்த்தாள்.

போன மாதம் மன்னார்குடியிலிருந்து வந்தவள், மஞ்சள் பைக்குள்ளிருந்து ஒரு கைக்குட்டைப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். அப்பாவின் பழைய ஸ்மார்ட்போன். அப்பா போய் ஒரு வருஷம் ஆகிறது.

"கடைசியில கை நடுங்குதுன்னு வீட்டுக் கணக்கையெல்லாம் இதுல பேசித்தானேடா வெச்சார்! இப்ப பாட்டரி போயிடுச்சு. ஒயரைச் சொருகினாத்தான் பேசுது. தினம் ஸ்விட்ச் போர்டு பக்கத்துல நின்னுக்கிட்டே கேக்கறேன். ஒரேயடியா நின்னு போறதுக்குள்ள உன் கம்ப்யூட்டர்ல போட்டு வை."

வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டியதுதானே என்பீர்கள். வைஃபையும் ப்ளூடூத்தும் ஜோடியாக மௌன விரதத்தில் இறங்கி நாளாகிவிட்டது. மிச்சம் இருந்தது ஒயர் ஒன்றுதான்.

சொருகினேன். சார்ஜ் ஏறுவதாகப் போன் சொன்னது. கம்ப்யூட்டரோ, கடன் கொடுத்தவனைக் கடைத்தெருவில் பார்த்த மாதிரி, தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை! ஆஃப், ஆன். வேறு ஓட்டை. மறுபடி ஆஃப், ஆன். "லேசா ஒரு தட்டு தட்டிப் பாருங்களேன்" என்றாள் மனைவி. எங்கள் பழைய டி.வி.க்கு அதுதான் மருந்து.

தெருமுனைக் கடைக்கு ஓடினேன். பையன் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"சார்ஜிங் போர்டு போயிருக்கும் சார். 1,800 ஆகும். இல்லாட்டி ரீசெட் அடிச்சுப் பாக்கலாம்."

"அடிச்சா?"

"போன் புதுசு மாதிரி ஆயிடும் சார். உள்ள இருக்கறது எதுவும் இருக்காது."

போனைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மாடி வீட்டுப் பெண், எட்டாம் வகுப்பு, தோசைமாவு கடன் கேட்க வந்தவள் எட்டிப் பார்த்தாள். "அங்கிள், இந்த ஒயர் எதோட வந்தது?"

"கொசு பேட்டோட."

அவள் என்னைப் பார்த்த பார்வையில் பரிதாபம் இருந்தது. "இதுல கரண்ட் மட்டும்தான் போகும் அங்கிள்!"

விஷயம் இதுதான். சாதாரண யூ.எஸ்.பி. கேபிளுக்குள் நாலு கம்பி. ரெண்டு கம்பி 5 வோல்ட் மின்சாரத்துக்கு. மற்ற ரெண்டும் சேதி பேச. கொசு பேட், கை விளக்கு மாதிரி சாமான்களோடு வரும் மலிவு ஒயர்கள் பலவற்றில் பேசும் கம்பிகளே கிடையாது. சோறு போடும், பேசாது. சில வீடுகள் மாதிரி! யூ.எஸ்.பி.யின் முதல் பதிப்பு வந்தது 1996-ல். இன்டெல் கம்பெனியில் அதற்காக உழைத்தவர்களில் முக்கியஸ்தர் அஜய் பட், பரோடாவில் படித்தவர். அவர் மேல் குற்றமில்லை. சிக்கனம் பண்ணியது வேறு ஆசாமி.

அந்தப் பெண் தன் வீட்டிலிருந்து நாலு கம்பி ஒயர் கொண்டு வந்தாள். சொருகியதும் கம்ப்யூட்டர் 'டிங்' என்றது. ஆவலாகத் திறந்தால்... உள்ளே காலி!

"பதறாதீங்க அங்கிள். போன்ல மேலேயிருந்து விரலால இழுங்க."

இழுத்தால், 'சார்ஜிங் மட்டும்' என்று ஒரு வரி. அதைத் தொட்டு 'ஃபைல் டிரான்ஸ்ஃபர்' என்று மாற்ற வேண்டுமாம். கண்ட கம்ப்யூட்டரும் போனுக்குள் கை விடக் கூடாதே என்று ஆண்ட்ராய்டில் இந்தக் காவல். போனுக்குப் பூட்டு இருந்தால் அதையும் முதலில் திறக்க வேண்டும். அப்பா பூட்டுவது பீரோவோடு சரி.

மொத்தம் 61 பதிவுகள். அம்மா என் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, முதல் தடவையாக உட்கார்ந்து கேட்டாள்.

"பால், 1,240... கேஸ்காரப் பையனுக்கு 30..." அப்பாவின் தொண்டைக் கனைப்பு. பிறகு, "பெரியவனுக்கு 5,000 கொடுத்தது. வராது. கேக்க வேண்டாம்."

வேலையை விட்டுவிட்டு எழுதப் போகிறேன் என்று கிளம்பிய புதிதில், 'அடுத்த மாசம் தந்துடறேன்பா' என்று நான் வாங்கியது. இதற்கு பி.காம்.மில் வாராக்கடன் என்று பெயர். எழுதித் தள்ளிவிட வேண்டும் என்று எனக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். இவ்வளவு சுருக்கமாகத் தள்ள முடியும் என்று சொல்லித் தரவில்லை.

"இதை நீ கேக்கணும்னுதான்டா தூக்கிட்டு வந்தேன்" என்று அம்மா சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஆகவே வாசகர்களே, போனைக் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளாவிட்டால் முதலில் ஒயரை மாற்றுங்கள். அடுத்து, போனில் அந்த ஒரு வரியை மாற்றுங்கள். ரீசெட் பக்கம் மட்டும் அவசரப்பட்டுப் போகாதீர்கள். காப்பாற்றியதை ரெண்டு இடத்தில் வையுங்கள்.

என் கணக்கு: மாடி வீட்டுப் பெண்ணுக்கு ஐஸ்கிரீம், 60. சார்ஜிங் போர்டு வகையில் மிச்சம், 1,800. அந்த 5,000 மட்டும் அப்படியே நிற்கிறது.