நுளம்பு காணி உறுதி கேட்பதில்லை

கடந்த மாரியில் வன்னியில் நான் வழமையாகப் போய்வரும் ஒரு குடியிருப்புக்குச் சென்றிருந்தேன். இருபதுக்குச் சற்று மேற்பட்ட குடும்பங்கள், எல்லோரும் கமக்காரர். மூன்று முறை, ஐந்து முறை என்று இடம்பெயர்ந்தவர்கள். சொந்தக் காணிக்குத் திரும்ப முடியாமல் பிறர் காணியில் கொட்டில் போட்டு, குத்தகை வயல் செய்து வாழ்பவர்கள். களை பிடுங்கி உரம் போடவேண்டிய வாரம் அது. ஆனால் ஒரு குடும்பத்தின் வயலில் ஆள் இல்லை. ஒன்பது வயது மகளுக்கு டெங்குக் காய்ச்சல். தாயும் தகப்பனும் மாறி மாறி வைத்தியசாலையில் நின்றார்கள்.

பிள்ளை தப்பிவிட்டாள். எட்டாம் நாள் வீட்டுக்கு வந்தாள். அதற்குள் களை பயிரை மேவிவிட்டது. போக்குவரத்துக்கும் சாப்பாட்டுக்குமாகத் தாயின் தோடு அடகுக்குப் போய்விட்டது. வைத்தியம் இலவசம்தான், நோய் இலவசம் அல்ல.

பிள்ளையைப் பார்க்கப் போனபோது கொட்டிலின் பின்புறம் நின்ற நீலப் பிளாஸ்ரிக் பரலை எட்டிப் பார்த்தேன். தண்ணீரில் குடம்பிகள் நெளிந்துகொண்டிருந்தன. "இதைத் தேய்த்துக் கழுவி மூடி வைத்திருக்கலாமே" என்று சொன்னேன். தகப்பன் என்னைப் பார்த்துச் சொன்னார்: "சுவாமி, இது எங்கட காணியே? நாளைக்கு எழும்பச் சொன்னால் எழும்பவேணும். வளவைத் துப்புரவாக்கி ஆருக்குக் குடுக்கிறது?"

எனக்கு உடனே மறுமொழி வரவில்லை. சொந்த மண்ணில் முற்றம் கூட்டிச் சாணம் தெளித்து வாழ்ந்த மனிதரின் பேச்சு அது. அது சோம்பல் அல்ல, காயம். ஆயினும் அன்று தொடக்கம் அந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டே திரிகின்றேன். அதற்கான என் மறுமொழிதான் இக்கட்டுரை.

நுளம்பு என்றதும் எமது முதியோருக்கு நினைவுக்கு வருவது மலேரியா. அதில் வியப்பில்லை. 1934, 1935 ஆம் ஆண்டுகளில் இலங்கையில் ஏறத்தாழ 80,000 பேரைக் கொன்ற நோய் அது. போர்க்காலத்தில் வடக்கையும் கிழக்கையும் வாட்டியதும் அதுவே. 1999 ஆம் ஆண்டில் மாத்திரம் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு மலேரியா கண்டது. அந்த நாட்களில் நாம் கற்ற பாடம் என்ன? நுளம்பு ஆற்றங்கரைக் குழியிலும் தேங்கிய மடுவிலும் பிறக்கும். இரவில் வந்து கடிக்கும். வலைக்குள் படுத்தால் தப்பலாம். மலேரியாவுக்கு அது சரியான பாடமே. வலையும் மருந்து தெளிப்பும் இரத்தப் பரிசோதனையும் தொடர்ந்து நடந்ததால், 2012 இன் பின் உள்ளூரில் தொற்றிய மலேரியா நோயாளர் இல்லாத நிலை வந்தது. 2016 இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது.

ஆனால் டெங்கு நுளம்பு வேறு சாதி. நாம் பழைய பாடத்தை வைத்துக்கொண்டு புதிய எதிரியோடு போராடுகின்றோம். மாலையில் வேப்பிலைப் புகை போடுகின்றோம். இரவில் நுளம்புத்திரி கொளுத்துகின்றோம். டெங்கு நுளம்போ பகலில் கடிப்பது. காலை வெயில் ஏறும் வேளையும் பொழுதுபடும் வேளையும் அதற்கு உகந்தவை. நாம் வயலில் நிற்கும்போது வீட்டில் ஏணையில் தூங்கும் குழந்தையை அது கடிக்கின்றது. அது சாக்கடையைத் தேடிப் போவதும் இல்லை. பெரும்பாலும் தெளிந்த தண்ணீரில், நாம் குடிக்கவும் குளிக்கவும் சேர்த்து வைத்த தண்ணீரிலேயே பிறக்கின்றது. பறந்தாலும் சில நூறு மீற்றருக்கு அப்பால் அது பொதுவாகச் செல்வதில்லை. ஆகவே உங்கள் பிள்ளையைக் கடித்த நுளம்பு தூரத்துக் காட்டிலிருந்து வந்ததல்ல. உங்கள் வளவிலோ, அடுத்த வளவிலோ பிறந்தது.

2017 ஆம் ஆண்டில் இந்த நாட்டில் 186,000 பேர் வரை டெங்கு நோயாளராகப் பதிவாகினர். 400 இற்கும் மேற்பட்டோர் இறந்தனர். வடக்கும் தப்பவில்லை. 2023 மார்கழி, 2024 தை மாதங்களில் யாழ்ப்பாணத்தில் டெங்கு எப்படிப் பரவியது என்பது அங்கே உறவினர் உள்ள எல்லோருக்கும் தெரியும். மாரி மழை பெய்து ஓய்ந்தவுடன் டெங்கு எழும்புவது எமது பகுதியின் வழமையாகிவிட்டது. எமது காலபோகம் வளரும் காலமும் அதுவே.

இந்த நுளம்பின் ஒரு தந்திரத்தை ஒவ்வொரு வீட்டாரும் அறிந்திருக்கவேண்டும். அது முட்டையைத் தண்ணீரில் மிதக்க விடுவதில்லை. பாத்திரத்தின் உட்சுவரில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஒவ்வொன்றாக ஒட்டி வைக்கின்றது. தண்ணீர் வற்றினாலும் அந்த முட்டை சாவதில்லை. பல மாதங்கள் காய்ந்து கிடந்து, மீண்டும் தண்ணீர் பட்டவுடன் பொரிக்கின்றது. நெல்விதை ஈரத்துக்குக் காத்துக் கிடப்பதைப்போல என்று வைத்துக்கொள்ளுங்கள். எனவே தண்ணீரை ஊற்றிவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணுவது தவறு. தும்பாலோ பழைய சாக்காலோ பாத்திரத்தின் உட்சுவரை உரஞ்சித் தேய்க்கவேண்டும். தேய்த்த தண்ணீரை வேறு பாத்திரத்தில் ஊற்றாமல் காய்ந்த மண்ணில் ஊற்றவேண்டும். கோடையில் வெறுமையாகக் கிடந்த பரலையும் முதல் மழைக்கு முன் ஒருமுறை தேய்த்து வையுங்கள்.

முட்டை பொரித்து, குடம்பியாகி, கூட்டுப்புழுவாகி, நுளம்பாகப் பறப்பதற்கு எமது வெப்பத்தில் ஏழு முதல் பத்து நாட்கள் வரை எடுக்கும். இதில்தான் எமக்கு வழி இருக்கின்றது. வாரத்துக்கு ஒரு நாள், தவறாமல் அதே நாள், வளவைச் சுற்றி வந்தால் ஒரு குடம்பியும் பறக்கும் நிலைக்கு வராது. இரண்டு வாரம் விட்டால் அந்தத் தொடர் அறுந்துவிடும். மாதத்துக்கு ஒருமுறை பெரிய சிரமதானம் செய்வதிலும், வாரத்துக்கு ஒருமுறை அரை மணி நேரம் மினக்கெடுவது கூடிய பயன் தரும்.

எதைப் பார்க்கவேண்டும்? எமது வளவுகளில் நான் கண்டவற்றைச் சொல்கின்றேன். தண்ணீர்ப் பரல், மலசலகூடத் தொட்டி, மாடு தண்ணீர் குடிக்கும் தொட்டி, கோழிக்கு வைத்த சட்டி. கூரைத் தறப்பாள் காற்றில் பறக்காமல் இருக்க மேலே போட்ட பழைய ரயர். அந்தத் தறப்பாளின் மடிப்பு. எறிந்த சிரட்டை, இளநீர்க் கோம்பை, பால்மாப் பேணி, யோகட் கோப்பை. மருந்து கலக்கிவிட்டு வேலியோரம் கவிழ்க்காமல் விட்ட வாளி. கல்வீடு உள்ளவர்களுக்குப் பீலியும், குளிர்சாதனப் பெட்டியின் பின்னால் உள்ள தட்டும். ரயரை ஓட்டை போடுங்கள். அல்லது மண் நிரப்பிப் பயிர் நடுங்கள். சிரட்டையை எரியுங்கள் அல்லது கவிழ்த்து அடுக்குங்கள். நிரந்தரமாகத் தண்ணீர் நிற்கவேண்டிய பரலுக்குக் கிழிந்த நுளம்புவலைத் துண்டை வாயில் விரித்து, சைக்கிள் ரியூப்பை வெட்டி இறுக்கிக் கட்டுங்கள். மூடியில் ஒரு விரல் இடைவெளி இருந்தாலும் நுளம்புக்கு அது வாசல்.

இதைச் சொல்லும் தகுதி எனக்கு உண்டா என்றும் கேட்கலாம். முன்பு நான் பணியாற்றிய பங்கு ஒன்றில் வீடு வீடாகச் சென்று இந்த உபதேசத்தைச் செய்தேன். சில நாட்களின் பின் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஒருவர் வந்து, "சுவாமி, ஒருக்கால் சேமக்காலைக்கு வாருங்கோ" என்று அழைத்துச் சென்றார். நவம்பர் 2 ஆம் திகதி மரித்தோரின் நினைவுநாளுக்கு மக்கள் கல்லறைகளில் வைத்த பூச்சாடிகளும், பாதியாக வெட்டிய பிளாஸ்ரிக் போத்தல்களும் அப்படியே இருந்தன. இரண்டு வார மழை அவற்றை நிரப்பியிருந்தது. அநேகமாக எல்லாவற்றிலும் குடம்பி. மாரி தொடங்கும் வேளையில் நாமே வரிசையாகப் பாத்திரம் வைத்து நுளம்பை வளர்த்திருக்கின்றோம்! என் பொறுப்பில் இருந்த இடம் அது. வெட்கமாக இருந்தது. அடுத்த ஆண்டு, பூவைச் சாடியில் அல்ல, ஈர மணலில் குத்தி வைக்கும்படி கேட்டுக்கொண்டோம். இறந்தவர்களுக்கு அதனால் ஒரு குறையும் வரவில்லை. உயிரோடிருக்கும் பிள்ளைகளுக்கு நன்மை வந்தது.

இவ்வளவும் எமது பக்கத்துக் கடமை. மறுபக்கத்தையும் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையற்றவன் ஆவேன்.

2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடைச் சட்டம், காணியின் உரிமையாளரோ குடியிருப்பவரோ தமது இடத்தில் நுளம்பு பெருகாமல் வைத்திருக்கவேண்டும் என்கின்றது. தவறினால் வழக்கும் தண்டமும் உண்டு. சட்டம் நல்லதே. ஆனால் குழாய்த் தண்ணீர் உள்ள வீட்டுக்காரருக்குப் பரல் தேவையில்லை. பவுசர் எப்போது வரும் என்று தெரியாத குடும்பம், வரும் நாளில் உள்ள பாத்திரம் எல்லாவற்றையும் நிரப்பித்தான் வைக்கும். அந்தக் குடும்பத்துக்குத் தண்டம் எழுதுவது எளிது. பரலுக்கு ஒரு மூடி கொடுப்பது அதனிலும் மலிவு. தண்ணீர்ப் பரல் பகிர்ந்தளிக்கும் தொண்டு நிறுவனங்கள், எமது திருச்சபை நிறுவனங்கள் உட்பட, இறுகப் பொருந்தும் மூடி இல்லாமல் ஒரு பரலையும் கொடுக்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. மூடியற்ற பரல் அரைக் கொடை. தண்ணீர் ஒழுங்காகக் கிடைப்பதே எல்லாவற்றிலும் பெரிய நுளம்புத் தடுப்பு.

அதேபோல் நோயாளர் தொகை கூடியபின் வாகனத்தில் வந்து புகை அடித்துவிட்டுப் போவதை நாம் பெரிதாக நம்பக்கூடாது. புகை பறக்கும் நுளம்பைக் கொல்லும். பரலுக்குள் இருக்கும் குடம்பியைத் தொடாது. ஒரு வாரத்தில் அடுத்த கூட்டம் பறக்கும்.

இன்னொன்று, ஆள் இல்லாத வீடுகள். உடைந்த சுவரும் பாவனையற்ற கிணறும் தொட்டியுமாக எமது ஊர்களில் எத்தனை வளவுகள் உள்ளன! உரிமையாளர் எங்கோ வெளிநாட்டில். அங்கே பிறக்கும் நுளம்பு எல்லையை மதிப்பதில்லை. இவற்றின் பட்டியலை ஊர்ச் சங்கம் எழுதி, கிராம அலுவலர் ஊடாகவும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஊடாகவும் உரிமையாளருக்கு அறிவிக்கக் கேட்கலாம். பாவியாத கிணற்றில் கப்பி மீன் விடுவது பற்றியும் அவர்களிடம் கேளுங்கள். 2016 இன் இறுதியில் மன்னாரில், இந்திய நகரங்களில் மலேரியா பரப்பும் ஒரு புதிய நுளம்பு கிணறுகளில் காணப்பட்டது. போய்விட்ட மலேரியா மீண்டும் வராமல் இருக்கவும் கிணற்றைக் கவனிப்பது அவசியம்.

ஒரு எச்சரிக்கையும். மாரியில் காய்ச்சல் வந்தால் பரசிற்றமோல் தவிர வேறு வலிமாத்திரை கொடுக்கவேண்டாம். அஸ்பிரின் கூடவே கூடாது. இரண்டு நாளுக்கு மேல் காய்ச்சல் நின்றால் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். காய்ச்சல் விடும் வேளையே சிலருக்கு ஆபத்தான வேளை. அப்போது வயிற்று நோவு, தொடர் சத்தி, கைகால் குளிர்தல், இரத்தக் கசிவு எதுவும் கண்டால் ஒரு மணி நேரமும் தாமதிக்கவேண்டாம்.

இனி அந்தத் தகப்பனின் கேள்விக்கு வருகின்றேன். "இது எங்கட காணியே?" இல்லை ஐயா. அந்த மண் உங்களுடையது அல்ல. உங்கள் காணி உங்களுக்குத் திரும்பக் கிடைக்கவேண்டும் என்ற நியாயத்தை நாம் கைவிடவும் மாட்டோம். ஆனால் நுளம்பு காணி உறுதி கேட்டுவிட்டுக் கடிப்பதில்லை. பரல் நிற்கும் மண் பிறருடையது. பரலுக்குப் பக்கத்தில் விளையாடும் பிள்ளை உங்களுடையது. சொந்த ஊருக்குத் திரும்பும் நாளில் அந்தப் பிள்ளையும் கூட வரவேண்டும்.

அவரிடம் இதை நேரில் சொல்லவில்லை. அடுத்த சனிக்கிழமை நானும் ஒரு தும்புக்கட்டையோடு போனேன். இருவருமாகப் பரலைக் கவிழ்த்துத் தேய்த்தோம். அவருடைய மகள் ரியூப் வெட்டித் தந்தாள். அடுத்த சனி நான் போக முடியவில்லை. ஆனால் தேய்த்துவிட்டதாகப் பிள்ளை சொல்லி அனுப்பியிருந்தாள். உங்கள் வளவில் அந்தச் சனிக்கிழமை எது என்பதை இன்றே வீட்டில் பேசித் தீர்மானியுங்கள்.