தாழிட்ட அறையும் பழைய பகையும்

அரக்கோணம் ரயில் சந்திப்பை ஒட்டிய ஒரு விடுதி அறை என்று வைத்துக்கொள்வோம். கதவு உள்ளே தாழிட்டிருக்கிறது. உடைத்துத் திறந்தால் ஒருவர் கத்திக்குத்துக் காயத்தோடு இறந்து கிடக்கிறார். அவருக்கும் உள்ளூரில் ஒருவருக்கும் பழைய பகை. பொழுது சாய்வதற்குள் "பழி தீர்த்துவிட்டான்" என்று ஊர் பேசிவிடும். ஆனால் கொன்றவன் வெளியே போனது எப்படி?

இதைப் 'பூட்டிய அறைப் புதிர்' என்பார்கள். எட்கர் ஆலன் போ 1841இல் எழுதிய சிறுகதை இவ்வகைக்கு முன்னோடி. ஜான் டிக்சன் கார் 1935இல் எழுதிய நாவலில், துப்பறிபவர் ஓர் அத்தியாயம் முழுக்க இதற்கான விடைகளை வகைப்படுத்திச் சொல்கிறார். முக்கியமானவை மூன்று. சாவு நேர்ந்தபோது கொலையாளி அறைக்குள் இல்லை. அல்லது, வெளியே வந்தபின் நூலாலோ கம்பியாலோ உள்தாழ்ப்பாளைப் போட்டான். அல்லது, கதவு உடையும்வரை உள்ளேயே ஒளிந்திருந்தான்.

உண்மையான விசாரணை இதற்கும் ஒரு படி முன்னால் தொடங்குகிறது. கதவு நிஜமாகவே தாழிட்டிருந்ததா? தாழிட்டிருந்தது என்பது முதலில் ஒருவர் சொல்லும் சொல். அதைக் கதவு உறுதிசெய்ய வேண்டும். தாழ்ப்பாள் வளைந்திருக்கிறதா, நிலையில் திருகாணி பிடுங்கியிருக்கிறதா, மரம் புதிதாகப் பிளந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இவற்றைக் காவல்துறை மகஜரில் பதிவு செய்கிறது. மகஜர் என்பது கண்டதைக் கண்டபடி எழுதிச் சாட்சிகளிடம் கையெழுத்து வாங்கும் ஆவணம்.

சந்தேக மரணத்துக்கான நடைமுறை, குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194ஆம் பிரிவில் உள்ளது. நிர்வாக நடுவருக்குத் தகவல் தர வேண்டும். அக்கம்பக்கத்தார் இருவரோ அதற்கு மேலோ முன்னிலையில் உடலைப் பார்த்து, சாவின் காரணமாகத் தெரிவதை எழுத வேண்டும். அடுத்தது பிரேதப் பரிசோதனை. காயம் தானே ஏற்படுத்திக்கொள்ளக் கூடியதா, இறந்து ஏறத்தாழ எத்தனை மணி நேரம் என்று மருத்துவர் கருத்துச் சொல்வார். கதவு மூடிய நேரத்தோடு அது பொருந்தாவிட்டால் புதிர் அங்கேயே அவிழத் தொடங்கும்.

பகை என்ன ஆகும்? சட்டம் அதை 'நோக்கம்' என்கிறது. நோக்கம் ஏற்கத்தக்க சாட்சியம்தான். ஆனால் அது ஒருவரைச் சந்தேகிக்கக் காரணம் தருமே தவிர, அவரை அறைக்குள் கொண்டுபோய் நிறுத்தாது. 1919இல் சென்னை நியூயிங்டன் மாளிகையில், இளம் ஜமீன்தார்களுக்கான கல்வி நிலையத்தின் முதல்வர் டி லா ஹே இரவில் சுட்டுக் கொல்லப்பட்டார். மாணவரான கடம்பூர் இளம் ஜமீன்தார் மீது வழக்கு வந்தது. தமிழரை இழிவாகப் பேசியதற்குப் பழி என்று பேசப்பட்டது. பம்பாயில் நடந்த விசாரணையின் முடிவில் அவர் விடுதலையானார்.

நேரில் பார்த்தவர் இல்லாதபோது மிஞ்சுவது சூழ்நிலைச் சாட்சியம். அதை எடைபோடும் அளவுகோலை உச்ச நீதிமன்றம் 1984இல் சர்தா வழக்கில் வகுத்தது. அதுவும் ஒரு படுக்கையறைச் சாவுதான். சயனைடால் இறந்த இளம்பெண் கொல்லப்பட்டாரா, தற்கொலை செய்துகொண்டாரா என்பதே கேள்வி. கீழ்நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் கணவரைத் தண்டித்தன. உச்ச நீதிமன்றம் விடுவித்தது. ஒவ்வொரு சூழ்நிலையும் ஐயமற நிரூபணமாக வேண்டும். எல்லாம் சேர்ந்து கண்ணி விடாத சங்கிலியாக வேண்டும். குற்றமின்மைக்கு இடம் தரும் வேறு நியாயமான விளக்கம் எஞ்சக் கூடாது.

அப்படிப் பார்த்தால், நம் விடுதி அறையில் முதல் கண்ணி கதவை உடைத்தவர்களின் கையில் இருக்கிறது. உள்ளே உயிர் இருக்கக்கூடும் என்பதால் உடைக்கத்தான் வேண்டும். உடைத்தபின் வேறெதையும் தொடாமல், தாழ்ப்பாள் இருந்த நிலையை நினைவில் வைத்துச் சொன்னால், அது ஊர்ப் பேச்சைவிட வழக்குக்கு உதவும். இறந்தவருக்கும், சந்தேகிக்கப்படுபவருக்கும் அது செய்யும் நியாயம் ஒன்றே என்று எனக்குத் தோன்றுகிறது.