பன்றிக்குப் பின்னால் யார் நிற்கிறார்?

காட்டுப்பன்றி ஒரே இரவில் கிளறிப் போட்ட மரச்சீனி விளையைப் பார்த்தவர்களுக்கு, குமரி மாவட்ட மலையோர விவசாயிகளின் ஆத்திரம் புரியும். ஏத்தன் வாழை குலை தள்ளும் முன்பே சாய்ந்து கிடக்கிறது. உரிமத் துப்பாக்கி வைத்திருப்பவர்களைச் சுட விடுங்கள் என்ற கோரிக்கை அந்த ஆத்திரத்தில் பிறப்பது. எல்லைக்கு அப்பால் கேரளம் 2022-ல் உள்ளாட்சித் தலைவர்களுக்கே அந்த அனுமதியை வழங்கும் அதிகாரத்தைக் கொடுத்தது.

தமிழக அரசு 2025 ஜனவரியில் வேறு பாதையை எடுத்தது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக் கூடாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். அதைத் தாண்டினால் வனத்துறையினர் சுடலாம். துப்பாக்கி வனத்துறையின் கையிலேயே இருக்கட்டும். குமரி மாவட்டத்தில் இதைத் தளர்த்தவே கூடாது.

2011 கணக்கெடுப்பின்படி இங்கே சதுர கிலோமீட்டருக்கு 1,100 பேருக்கு மேல் வாழ்கிறார்கள். மாவட்டப் பரப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு காடு என்பதால், மிச்ச இடத்தின் நெருக்கம் இன்னும் அதிகம். விளைக்கு ஒரு வீடு, வீட்டுக்குப் பின்னால் இன்னொரு விளை. ரைபிள் தோட்டாவோ ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் ஆளைக் கொல்லும்.

இதைவிடப் பெரிய ஆபத்து நேரத்தில் இருக்கிறது. பன்றி நடமாடுவது இரவில். ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளர்கள் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் இறங்குவதும் விடியும் முன்பே. குலசேகரம், திற்பரப்பு பக்கத்தில் இருட்டில் சருகு அசைந்தால் அது பன்றிதான் என்று யார் உறுதி சொல்வது?

களிமண் தட்டு சுடும் விளையாட்டில்கூடத் துப்பாக்கியைக் கையாளக் கண்டிப்பான ஒழுங்கு உண்டு. தன் முறை வந்து நிலையில் நிற்கும் வரை தோட்டா போடக் கூடாது; நடக்கும்போது துப்பாக்கி மடித்துத் திறந்தே இருக்க வேண்டும்; தட்டு எந்தப் பக்கம் பறந்தாலும் குழல் ஆட்கள் பக்கம் திரும்பக் கூடாது. தட்டைச் சுடுகிறவருக்கே இத்தனை கட்டுப்பாடு என்றால், ஊர் நடுவே பன்றியைச் சுடுகிறவருக்கு எவ்வளவு வேண்டும்?

வனத்துறைக்கும் விலக்கில்லை. சுடப் போகும் ஊழியருக்கு ஆண்டுதோறும் பயிற்சியும் தேர்வும் வேண்டும். தரைமட்டத்தில் நின்று சுடாமல், பரண் மேலிருந்து கீழ்நோக்கிச் சுட்டால் தவறிய தோட்டா மண்ணில் புதையும். முந்திய நாளே சுற்று வீடுகளுக்கும் பால்வெட்டுக்காரர்களுக்கும் தகவல் போக வேண்டும். அன்றைய வெட்டுக்கூலியை அரசே கொடுக்கலாம், பெரிய செலவில்லை.

காட்டை ஒட்டிய ஒரு கிலோமீட்டருக்குள்தான் அடி அதிகம், அங்கேதான் சுடவும் தடை என்ற விவசாயியின் முறையீட்டில் நியாயம் உண்டு. அவருக்குத் தாமதமில்லாத நட்டஈடும், கேட்டவுடன் வரும் கூண்டும் தரப்பட வேண்டும். அவை வராத இடத்தில்தான் நாட்டுவெடியும் மின்வேலியும் முளைக்கின்றன. பன்றி, யானை, மனிதன் என்று அவை வேறுபாடு பார்ப்பதில்லை.