குழாய்க்குள் வேர், குழிக்குள் யார்?

வீட்டுக் கழிவுநீர்க் குழாயில் மரவேர் புகுந்து அடைத்துக்கொண்டால் நம் நடுத்தர வர்க்கம் இரண்டு பேரைத் தேடுகிறது. ஒருவர் மரம் வெட்டுபவர். இன்னொருவர் குழிக்குள் கைவிடுபவர். மலிவான குழாயே போதும் என்று சொன்ன வீட்டு உரிமையாளரையும், அதற்குத் தலையாட்டிய ஒப்பந்தக்காரரையும் யாரும் தேடுவதில்லை.

நான் தாவரவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்பவன். வேர்தான் என் ஆய்வுப் பொருள். எனவே மரத்தின் மீதான குற்றச்சாட்டை முதலில் பார்த்துவிடுவோம். கசிவில்லாத நல்ல குழாயை வேர் உடைத்துக்கொண்டு நுழைவது அரிது. வேர்முனை ஈரத்தை நோக்கி வளரும். குழாய் இணைப்பில் கசிவு இருந்தால் அந்த ஈர மண்ணைத் தேடி வரும். மயிரிழை அளவு விரிசல் கிடைத்தாலும் உள்ளே போய்விடும். உள்ளே நீர், காற்று, சத்து எல்லாம் இருக்கின்றன. அங்கே சல்லடை போலப் பின்னிக்கொள்ளும். அதில் எண்ணெய்ப் பிசுக்கும் முடியும் நாப்கினும் சிக்கும். அதுதான் அடைப்பு.

பழைய வீடுகளில் இருப்பவை பெரும்பாலும் மெருகிட்ட மண் குழாய்கள். ஒரு குழாயின் நீளம் 60 முதல் 90 செ.மீ. வரைதான். கழிப்பறையிலிருந்து தெருவரை 12 மீட்டர் என்றால் குறைந்தது 13 இணைப்புகள். ஒவ்வொன்றிலும் சிமெண்ட் பூச்சு. மண் கொஞ்சம் இறங்கினாலும் பூச்சு வெடிக்கும். ஆக, வேர் வந்தது விளைவு, கசிவுதான் காரணம்.

வேரை மட்டும் வெட்டி எடுத்தால் அது மீண்டும் கிளைத்து வரும். பழுதான பகுதியைத் தோண்டி, பசையிட்டு ஒட்டிய பிவிசி குழாயைப் பதித்து, திருப்பங்களில் சேம்பர் கட்டுவதே நிலையான தீர்வு. இதற்குப் பல ஆயிரம் ரூபாய் ஆகும். ஆனால் சில நூறு ரூபாய்க்குக் கைவிட ஒரு மனிதர் கிடைக்கிறார். அடுத்த மழைக்கும் கிடைப்பார். பிறகு எதற்குக் குழாயை மாற்ற வேண்டும்? வீட்டு உரிமையாளர் செய்யவேண்டிய செலவை ஒரு சாதி தன் உடம்பால் கட்டிக்கொண்டிருக்கிறது.

நான் வாடகைக்கு இருக்கும் வீட்டில் போன மழைக்காலத்தில் இதே அடைப்பு. வீட்டுக்காரர் மாடிக்கு வந்து என்னிடம் கேட்டார்: "தம்பி, உங்க பக்கம் ஆள் யாராச்சும் இருந்தா வரச் சொல்லுங்களேன்."

நான் காலனிக்காரன் என்பதைக் குடிவந்த முதல் வாரமே அவர் விசாரித்துத் தெரிந்துகொண்டிருந்தார். வேரைப் பற்றியே ஆய்வேடு எழுதிக்கொண்டிருப்பவனிடம் வேர் ஏன் வந்தது என்று கேட்கத் தோன்றவில்லை. என் சாதிக்கு எது தெரிந்திருக்கும் என்று நினைத்தாரோ அதைத்தான் கேட்டார். "குழாய மாத்திடுங்க சார், இப்போதைக்கு மெஷின் வெச்சு எடுக்கலாம்" என்றேன். "அதுக்கெல்லாம் யாரு செலவு பண்றது?" என்று இறங்கிப் போய்விட்டார்.

மறுநாள் காலை ஒருவர் மூங்கில் பிளாச்சோடு வந்தார். கையுறை இல்லை. முந்தைய இரவு வீட்டுக்காரர் சேம்பரில் இரண்டு பாட்டில் ஆசிட் ஊற்றியிருந்தார். அதை அவர் சொல்லவில்லை; நான் சொன்னேன். "தெரியும் தம்பி, எல்லா வீட்லயும் ஊத்துவாங்க" என்றார் வந்தவர்.

ஆசிட் வேர் அடைப்பைத் தீர்க்காது. தேங்கிய சாக்கடையில் விழுந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவைக் கிளப்பும். பிளீச்சிங் பவுடரோடு சேர்ந்தால் குளோரின் வாயு வரும். ஹைட்ரஜன் சல்பைடு குறைவாக இருக்கும்போது அழுகிய முட்டை போல நாறும். அளவு கூடினால் மோப்ப உணர்வே மரத்துப்போகும். நாற்றம் நின்றுவிட்டது என்று நினைக்கும் நேரத்தில்தான் சாவு பக்கத்தில் இருக்கிறது. செப்டிக் டேங்கில் இறங்கியவரும் அவரைக் காப்பாற்ற இறங்கியவரும் அடுத்தடுத்துச் சாகும் செய்திகளைப் படித்துவிட்டு 'விஷவாயு' என்ற ஒரு சொல்லோடு பக்கத்தைத் திருப்பிவிடுகிறோம்.

கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் முதல் மத்தியச் சட்டம் 1993இல் வந்தது. அடுத்த சட்டம் 2013 டிசம்பர் 6 அன்று, அண்ணல் அம்பேத்கரின் நினைவு நாளில், நடைமுறைக்கு வந்தது. சாக்கடை மரணத்துக்கு 10 லட்சம் இழப்பீடு என்று 2014இல் சொன்ன உச்ச நீதிமன்றம் 2023இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. இதெல்லாம் மாநகராட்சிக்குத்தான் என்று வீட்டுக்காரர்கள் நினைக்கிறார்கள். 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் தடை தனிநபருக்கும் பொருந்தும். மனிதக் கழிவைக் கொண்டுசெல்லும் நிலத்தடிக் குழாய் எதுவும் அதன் பார்வையில் சாக்கடைதான். உங்கள் காம்பவுண்டுக்குள் இருப்பதும் அதில் அடக்கம். ஆபத்தான முறையில் சுத்தம் செய்ய ஆளை இறக்கினால் முதல் குற்றத்துக்கே 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் அதே சட்டம் பாதுகாப்பு உபகரணமும் கருவியும் கொடுத்து முன்னெச்சரிக்கையோடு செய்தால் அது 'ஆபத்தான பணி' ஆகாது என்று ஓட்டையும் வைத்திருக்கிறது. கையுறை மாட்டிவிட்டால் சாதி கழன்று விழுந்துவிடுமா?

"காசு கொடுக்கிறோம், விரும்பித்தானே வருகிறார்கள்?" என்பார்கள். வேலை தேடுவோர் எல்லாச் சாதியிலும் இருக்கிறார்கள். இந்த வேலைக்கு மட்டும் ஏன் "உங்க பக்கம்" ஆள் தேடுகிறீர்கள்? எலக்ட்ரீசியனைக் கூப்பிடும்போது எந்தத் தெரு என்று கேட்டதுண்டா?

"எங்கள் சந்துக்குள் இயந்திரம் வராது" என்பது அடுத்த சாக்கு. குறுகிய சந்துகளுக்காகவே ஐதராபாத் குடிநீர் வாரியம் 2017இல் 70 சிறிய ஜெட்டிங் இயந்திரங்களை இறக்கியது. வீட்டுக் குழாய்க்கு அதுகூட வேண்டாம். வேர் வெட்டும் முனை பொருத்திய மோட்டார் ஸ்பிரிங்கை இரண்டு பேர் தூக்கி வந்து, தரையில் நின்றபடியே ஓட்டலாம்.

எனவே உள்ளாட்சிகள் புதுக் கட்டடத்துக்கு இணைப்பு தரும்முன் குழாயில் கசிவு உண்டா என்று சோதிக்க வேண்டும். கட்டுப்படியாகும் கட்டணத்தில் இயந்திரங்களை வீடுகளுக்கு அனுப்ப வேண்டும். அதை ஓட்டுவது பயிற்சியும் நிரந்தரச் சம்பளமும் உள்ள, எல்லாச் சாதியினரும் செய்யும் வேலையாக வேண்டும். அதையும் காலனிக்கே ஒதுக்கினால் பிளாச்சு போய் ஸ்பிரிங் வந்ததுதான் மிச்சம்.

சாதி ஒழிப்பு பேசும் நம் வீடுகளிலும் சேம்பர் உண்டு, தோழர்களே. மரத்தை வெட்டாதீர்கள், குழாயை மாற்றுங்கள். மாற்றும்வரை அடைப்பெடுக்க இயந்திரத்தைக் கூப்பிடுங்கள். செலவு அதிகம்தான். இத்தனை காலமும் அந்தச் செலவை யார் கட்டினார்கள் என்பதை நினைத்துக்கொண்டு கொடுங்கள்.